கீச்சு ஷூ

"சார், முதல்ல உங்க ஷூவை மாத்துங்க!"

மேனேஜர் மேஜைக்கு அடியில் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"இருக்கு சார். ஆனா கீச்சு கீச்சுன்னு கத்துது. நீங்க ரூமை விட்டு வெளிய காலை வைக்கறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடுது."

சொன்னவளுக்கு ஆபீஸில் அலர்ட் அக்கா என்று பெயர். மற்றவர்கள் வணக்கம் சொல்லும் இடத்தில் இவள், "என்ன, அலர்ட்டா இருக்கீங்களா?" என்பாள். டீ சூடாக இருந்தால் அலர்ட், லிஃப்ட் கதவு மூடினால் அலர்ட். வீட்டில் புருஷன் தும்ம வாயைத் திறந்தால்கூட, "நான் அலர்ட் ஆயிட்டேன்" என்று கைக்குட்டையை நீட்டுவாளாம்.

இந்த வாரம் சூப்பர்வைசர் வேலைக்கு மேனேஜர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலி மேல் அக்காவுக்கு வருஷக்கணக்காக ஒரு கண். இதை விட்டால் ரிட்டயர் ஆகும்வரை குமாஸ்தாதான். அதனால்தான் துணிந்து உள்ளே வந்துவிட்டாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் அங்க நடக்கற கூத்து உங்களுக்குத் தெரியாது சார். டைப்பிஸ்ட் கீபோர்டு மேலேயே சாய்ஞ்சுடறாரு. போன வாரம் அவர் மூக்கு அடிச்ச லெட்டர் ஒண்ணு தபால்ல போயிடுச்சு. கேஷியர் கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டுக் குறட்டை விடறாரு."

"அடடா!"

"உங்க ஷூ கீச்சுன்னா போதும். துள்ளி எழுந்து, கையில கிடைச்சதை எடுத்து வெச்சுக்கிட்டு ஆக்ட் குடுக்கறாங்க. அன்னிக்குக் கேஷியர் ஸ்டேப்ளரைக் காதுல வெச்சு ஹலோங்கறாரு!"

நேற்று மதியம் அந்த ஷூ பண்ணிய ரகளை கொஞ்சநஞ்சமல்ல. வராந்தாவில் போவதும் வருவதுமாகக் கீச்சிட்டதில், ஒரு முக்கியமான ஃபைலைப் பற்றிக் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு யோசனையே கலைந்துபோய்விட்டது. இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தாள்.

"ரப்பர் அடி வெச்ச ஷூ வாங்குங்க சார். சத்தமில்லாமப் போய் நின்னீங்கன்னா, அத்தனை பேரும் கையும் களவுமா மாட்டுவாங்க."

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கீச், கீச்.

"இந்த ஷூவுக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமாம்மா? ஒவ்வொண்ணாப் போட்டு நடந்து பார்த்து, இருக்கறதிலேயே அதிகமாக் கத்தறதா எடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு."

"ஐயோ, ஏன் சார்?"

"தூங்கறதை என் கண்ணால பார்த்துட்டா மெமோ குடுத்தாகணும். குடுத்தா இந்த ஆபீஸ்ல நானும் ஃபேனும்தான் மிஞ்சுவோம். கொஞ்சம் கண்ணசந்துட்டு எழுந்தா சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் வேலை பாக்கறாங்க. பாவம், மனுஷங்கதானே!"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப சூப்பர்வைசர் வேலைக்கு அலர்ட்டான ஆள் வேண்டாமா சார்?"

மேனேஜர் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்கம்மா. மத்தவங்க எல்லாம் ஒரே கீச்சுல அலர்ட் ஆயிடறாங்க. நேத்து குறட்டை விட்டுக்கிட்டிருந்த உங்களை எழுப்பறதுக்குத்தான் நான் வராந்தாவுல மூணு தடவை நடக்க வேண்டியதாப் போச்சு!"