கடைசி வரிசையில் ஒருவர்

கோயில் திருவிழா பேனரில் அம்மன் படம் சின்னதாக இருந்தால்கூட யாரும் கேட்க மாட்டார்கள். நிர்வாகக் குழுவில் ஒரு முகம் விடுபட்டால் தோட்டத்து ஜனமே சண்டைக்கு வரும். மலேசியாவின் அம்பாங்கானில் டிசைன் தொழில் செய்யும் குமுதவல்லிக்கு அது தெரியும். கோலா கிளாவாங் தோட்டத்துக் கோயில் அனுப்பிய பதினொரு நிர்வாகிகளின் படங்களையும் பேனரில் அடுக்கி, கருத்துக் கேட்டு டிசைனர்களின் ஃபேஸ்புக் குழுவில் போட்டாள்.

“தலைப்பு எழுத்து ரொம்ப மெல்லிசு. கடைசி வரிசையில பன்னிரண்டாவது ஆளு கண்ண மூடியிருக்காரு, வேற படம் போடுங்க லா,” என்று ஒருவர் எழுதினார். இன்னும் ஆறு பேர் அதையே சொன்னார்கள்.

அவள் திரையில் விரல் வைத்து எண்ணினாள். பதினொன்று. கோயில் செயலாளர் ஹேமநாதனுக்குப் போன் செய்தாள்.

“பதினோரு பேர்தாம்மா. யாரையும் விட்டுடாத,” என்றார் அவர்.

ஒன்றும் புரியாமல், தலைப்பு எழுத்தை மட்டும் தடிமனாக்கி மறுபடியும் போட்டாள். படங்களைத் தொடவே இல்லை.

முதலில் எழுதியவரே உடனே பதில் போட்டார்.

“இப்ப எழுத்து நல்லா இருக்கு. அவரும் கண்ண தொறந்துட்டாரு.”