ஆளுக்கு மூன்று நிமிடம்

கூட்டம் நடத்துவதற்கென்றே கொழும்பில் சான்றிதழ் வாங்கியவர் அதிகாரி பத்மநாதன். பதுளைக்கு வந்து தேயிலைத் தோட்டத் தலைவர்மாருக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு வெண்கல மணியும் இருந்தன.

போன மாதம் ஒரு தோட்டத்தில் தாம் நடத்திய கூட்டத்தைப் பெருமையோடு போட்டுக்காட்டினார்.

"மலை வெடிச்சிருக்குங்க. சுவத்துல தண்ணி கசியுது. இன்னைக்கே லயத்து வீட்ட விட்டுப் போயிரணும். புள்ளைகள..." என்ற பெண்குரலை மணிச்சத்தம் நிறுத்தியது.

"பாத்தீங்களே? ஆளுக்கு மூண்டு நிமிசம். மணி அடிச்சா அடுத்த ஆள். சண்டை சச்சரவே இல்லை!"

"கடைசில என்னங்கய்யா முடிவாச்சு?" என்று கேட்டார் ஒரு தலைவர்.

"எல்லாரும் ஒத்துக்கொண்டாத்தான் முடிவு. ரெண்டு பேர் மாட்டம் எண்டிட்டினம். அடுத்த கிழமைக்கு ஒத்திவைச்சன்."

"அடுத்த கிழமை?"

"கூட்டத்துக்கு ஆக்கள் வரேல்லை" என்றார் பத்மநாதன், நாடாவைப் பின்னோக்கிச் சுற்றியபடி. "ஆனா, முறையில ஒரு பிழையுமில்லை."

கடைசி வரிசை வாங்கிலிருந்து மாடசாமி எழுந்தார்.

"ஐயா, எம் பொஞ்சாதி பேசுனத மட்டும் இன்னொருக்கா போடுங்க. மண்ணத் தோண்டி எடுத்தப்ப அவ மொகமே அடையாளம் தெரியல."

பத்மநாதன் பொத்தானில் விரலை வைத்தார்.

"மணி அடிக்கிறதுக்கு முந்தி நிப்பாட்டிருங்கய்யா."