மணல் கடைசியாகக் கண்ட வெயில்

படாளத்துக்குக் கிழக்கே, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிய செம்மண் குழிக்குள் உச்சி வெயில் நேராக இறங்குகிறது. குழிச் சுவரை ஒட்டித் தொங்கும் கறுப்புத் தார்ப்பாய்க்குள் ஆராய்ச்சி மாணவி ஜெனிஃபர் மண்டியிட்டு, ஓர் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து மண்ணுக்குள் செலுத்துகிறாள். டங், டங். அந்த அடுக்கில்தான் போன வாரம் ஆதிமனிதர் செதுக்கிய கைக்கோடரி கிடைத்தது. அதை மூடிய மணல் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம்; கோடரியின் வயதும் தெரிந்துவிடும். இப்போது துளி வெளிச்சம் பட்டாலும் மணலில் பதிந்திருக்கும் அந்தத் தடயம் அழிந்துபோகும். நாளைக்குக் குழியை மூடுகிறார்கள். இன்னொரு தடவை கிடையாது. தார்ப்பாயின் ஓரங்களை இழுத்துப் பிடித்திருப்பவன் ஜான்சன், அவளுடைய பெரியப்பா மகன், குழி வெட்டக் கூலிக்கு வந்தவன். "இன்னா ஜெனி, உள்ளயே வெந்துடப் போற. கொஞ்சூண்டு தூக்கட்டா?" "தூக்காதண்ணா, அல்லாம் பாழாப்பூடும். நான் நல்லாத்தான் கீறேன்." வியர்வை கண்ணில் எரிகிறது. குழாயை உருவி, இரு முனைகளிலும் மூடியை அழுத்தி, கறுப்பு டேப்பை இருட்டில் தடவித் தடவியே மூன்று சுற்றுச் சுற்றுகிறாள். "இப்ப எடு." தார்ப்பாய் விலகுகிறது. குழாயை மார்போடு அணைத்தபடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுகிறாள். ஜான்சன் குழாயைப் பார்க்கிறான், அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறான். "அப்ப அந்தக் கோடாலி செஞ்சவனும் இந்த வெயில்லதான் குந்திகினு செதுக்கிகினு இருந்தானா?" "செஞ்சவன்னு நீ இன்னாத்துக்கு முடிவு பண்ற?" என்கிறாள் ஜெனிஃபர், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி. "செஞ்சவளா இருந்தா?"