ஷெம்சுவிடம் இருந்த சாவி

எங்கள் தெருவில் வெளியே போகிறவர்கள் வீட்டுச் சாவியை மூலைக்கடை ஷெம்சுவிடம் கொடுத்துவிட்டுப் போவோம். முதலில் திரும்புகிறவர் வாங்கிக்கொள்வார். அடிஸ் அபாபா முழுக்கச் சாலைகளை அகலப்படுத்துகிறார்கள். போன வாரம் அந்தக் கடையையும் இடித்துவிட்டார்கள். ஷெம்சு எல்லோருடைய சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இன்று மாலை வகுப்பு முடிந்து வந்தபோது தங்கை ஹிருத் வீட்டுக்குள் எங்கள் வழக்கமான மூன்று சுற்றுக் காப்பிக்குக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இருப்பது சிவப்பு நூல் கட்டிய ஒரே சாவி. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அது அங்கேதான் இருந்தது.

"எப்படிடி உள்ள வந்தே?"

"ஷெம்சுகிட்ட சாவி வாங்கித்தான்." மேசைமேல் அதே சிவப்பு நூல் கட்டிய சாவி கிடந்தது.

"கடையைத்தான் இடிச்சாச்சே!"

"படிச்சுப் படிச்சு உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுண்ணே. அம்மாகூட அங்க மூட்டைமேல உக்காந்து அரட்டை அடிச்சுக்கிட்டிருக்கு. மூணாவது சுத்துக் காப்பிக்குள்ள வந்துடுறேன்னுச்சு."

நான்தான் எதையோ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மூலைக்கு ஓடினேன். அங்கே ஜல்லியைச் சமமாகப் பரப்பியிருந்தார்கள். ஒரு செங்கல்கூட இல்லை.

"அம்மா!"

"இதோ வரேன்டா" என்று வெறும் காற்றிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. உடனே, என் நெஞ்சு உயரத்தில், ஷெம்சு கடை ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.