அசையாமல் தின்னும் வீடு

மாடு வாசற்படியில் கால் வைக்க மறுத்தது.

கயிற்றை இழுத்தார்கள். வாலை முறுக்கினார்கள். உள்ளே நின்று அகத்திக்கீரையை நீட்டிக் காட்டினார்கள். நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு அது வீட்டுக்குள் எதையோ பார்த்தது. பிறகு பின்வாங்கி வாசலிலேயே சாணி போட்டது.

தோட்டத்தையும் வீட்டையும் வாங்கிய முதலாளி ஐயரைப் பார்த்தார். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். முதலாளியம்மா பேரனை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் கண் இவள்மேல் விழுந்தது. இவள், அந்தத் தோட்டத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு புருஷனோடு பண்ணையம் பார்ப்பவள்.

"நீ மொதல்ல குடி போ அம்மிணி. வாடகையெல்லாம் வேண்டா. நாங்க பொறகு வந்துக்கறோம்."

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். பணத்தைச் சொன்ன பழமொழி அது. இந்த வீட்டுக்குப் பணம் போதாது. கை மாறும்போதெல்லாம் ஓர் உயிரை எடுத்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று. அதன்பிறகு சாதுவாகிவிடும்.

ஊருக்கே தெரியும். முதலாளிக்கும் தெரியும். பாதி விலைக்கு வாங்கியவருக்குத் தெரியாமல் இருக்குமா?

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றான் அவள் புருஷன் வெள்ளியங்கிரி. வாசலில் நின்ற மாட்டை அவன் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

முதலாளியம்மா பெரிய மனசோடு தன் கையாலேயே சொம்பை எடுத்தாள். மாவிலையால் மூன்று பேர் தலையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

வெள்ளியங்கிரி துண்டால் துடைத்துக்கொண்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் தாரணிக்குக் கூசிவிட்டது. உடம்பை உதறி, தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தாள்.



கோயிலில் கெடா வெட்டுமுன் அதன் தலையிலும் இப்படித்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சிலுப்பும்வரை காத்திருப்பார்கள். சிலுப்பிவிட்டால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது.

முதலாளியம்மா சொம்பைக் கீழே வைத்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

உள்ளே போகாமல் எங்கே போவது? குடிசையை அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

குடிபுகுந்த கையோடு அவள் கொழுந்தனார் வீட்டுக்குப் போனாள். பக்கவாதத்தில் கிடந்த மாமனாரைத் தூக்கி வந்தாள். கிழவரை வைத்துப் பார்க்க முடியாது என்று முன்பு பஞ்சாயத்துவரை போய்ச் சண்டை போட்டவளும் இவள்தான். மருமகள் என்றால் இவளல்லவா மருமகள் என்று ஊர் மெச்சியது.

கட்டிலை நடு அறையில் போட்டாள். முன்பு செத்தவர்கள் எல்லாரும் அந்த அறையில்தான் செத்தார்கள்.

காலையில் கிழவருக்கு உடம்பு துடைத்துவிடுவாள். துடைத்ததும் ஒரு கை மஞ்சள் தண்ணீரை உச்சந்தலையில் விட்டுவிட்டுக் கால்மாட்டில் நிற்பாள்.

சிலுப்புங்க மாமா என்று மனசுக்குள் கெஞ்சுவாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கெஞ்சினாள்.

அவர் விளங்கும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு கேட்பார்.

சோறு உடம்பில் ஒட்டியது. எழுந்து உட்கார்ந்தார். சுவரைப் பிடித்து நின்றார். சாகக் கொண்டுவந்த மனுஷன் நாளுக்கு நாள் தேறினார்.

முதலாளி போன் செய்வார். எல்லாரும் நல்லா இருக்கறீங்களா என்பார். நல்லா இருக்கறமுங்க என்பாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அந்த மௌனம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் அவளும் அதே மௌனத்தோடுதான் நின்றாள்.

வீட்டில் நடு அறையில் மட்டும்தான் மின்விசிறி. தாரணி வெயிலுக்கு அங்கே ஓடுவாள். தாத்தாவின் கட்டிலில் ஏறிக்கொள்வாள். அடித்தாலும் ஓடுவாள். எதற்கு அடி என்று குழந்தைக்குப் புரியவில்லை. எப்படிச் சொல்வது?

ஒரு நாள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே கிழவர் கேட்டார்.

"சிலுப்புன கெடாவ உட்டுப்போட்டு வேற ஒண்ண வெட்டுனா சாமி ஏத்துக்குமா அம்மிணி?"

கோபமே இல்லை. கஞ்சிக்கு உப்புக் கேட்பதுபோலக் கேட்டார். தாரணிதான் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சிலுப்பினாள் என்று செய்தும் காட்டியிருக்கிறாள்.

அவள் துணிமணிகளை மூட்டை கட்டினாள். எங்கே போவது என்று வெள்ளியங்கிரி கேட்டான்.  மூட்டை மூலையிலேயே கிடந்தது.

தை பிறந்ததும் முதலாளி வந்தார். பின்னால் லாரியில் கட்டில், பீரோ, சோபா. அதே ஐயர். அதே மாடு.

இந்த முறை யாரும் கயிற்றை இழுக்கவில்லை. வாலைத் தொடவில்லை. மாடு தானாகப் படியேறி உள்ளே போனது. கூடவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமனார் நடந்து போனார்.

பெண்கள் குலவையிட்டார்கள்.

அவள் வேலியோரம் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இடுப்பு உயரத்தில் அவள் கை மட்டும், இல்லாத ஒரு தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா சொம்போடு அவளிடம் வந்தாள். நிஜமாகவே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"போனது போச்சு அம்மிணி. உனக்கென்ன வயசா ஆயிப்போச்சு? இன்னொண்ணு பெத்துக்கலாம்."

சொல்லிவிட்டு மாவிலையால் அவள் தலையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

அவள் தலையைச் சிலுப்பினாள்.

மறுபடியும் சிலுப்பினாள். கொண்டை அவிழ்ந்து விழும்வரை, வெள்ளியங்கிரி ஓடிவந்து பிடிக்கும்வரை சிலுப்பிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே மாடு அகத்திக்கீரையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.