நான்கு தட்டுக்கு இடம்

ஒலிப்பதிவுக்கார அண்ணன் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

மொத்தம் ஒன்பது பாட்டு. ஒற்றை அறையில், பழைய கேசட் ரெக்கார்டரை ஓடவிட்டு, அவளே கிதார் வாசித்து, மவுத் ஆர்கன் ஊதி, அவளே பாடிப் பதிந்தவை. கிதார் கரகரக்கும். டேப் தூறல் மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். பாதிப் பாட்டு ப்ளூஸ் இசையாகப் புலம்பும். மீதி, வயலில் குனிந்து வேலை செய்கிறவர்கள் பாடுவதுபோல ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வரும்.

இரைச்சலில் கை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அவரும் ஒத்துக்கொண்டார். துடைத்துவிட்டால் இந்தப் பாட்டுகளில் எலும்புதான் மிஞ்சும் என்று சிரித்தார்.

அவருக்கு உறுத்தியது வேறு.

“டேப் இரைச்சல் சரிம்மா. பின்னாடி யாரோ சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்காங்களே, அதை மட்டும் எடுத்துட்டேன். பாட்டுன்னாலே ஆகாத ஆளு போல.”

முதலில் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். முதல் பாட்டின் நடுவே பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் தட்டு விழுந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மீதியைப் போர்வைக்குள் புகுந்துகொண்டு முடித்தாள். அப்புறம் பல நாள் கிதாரைத் தொடவில்லை. படியில் காலடி கேட்டால் கதவைத் திறக்கமாட்டாள்.

பிறகு ஒரு மாலை அந்த டேப்பைப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஒரு தட்டுகூடத் தாளம் தப்பவில்லை.

இரண்டாவது பாட்டில், வேண்டுமென்றே, நான்கு தட்டுக்கு இடம் விட்டு நிறுத்தினாள். சுவர் இதற்காகவே காத்திருந்ததுபோல நான்கு முறை தட்டியது. அவள் சிரித்துவிட்டது டேப்பில் இருக்கிறது.

அதிலிருந்து ஒவ்வொரு பாட்டிலும் ஓர் இடம்.

தட்டுவது ஆணா, பெண்ணா, வயதானவரா, ஒன்றும் தெரியாது. போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ முறை அந்த வாசல்வரை போயிருக்கிறாள். அழைப்பு மணியில் விரல் வைக்குமுன் கூச்சம் வந்துவிடும். அடுத்த பாட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவாள். அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ‘அடுத்த சாம்பிள்’ என்பதற்கு மேல் அவளிடம் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் சுவராவது பேசியது.

“அதைத் திரும்பப் போட்டுடுங்கண்ணா,” என்றாள். “அவங்கதான் டிரம்ஸ்.”

அண்ணன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பாட்டாகத் தட்டுகளைத் திரும்ப வைத்தார். மேஜையின் ஓரத்தில் அவள் விரல் தானாகக் கூடச் சேர்ந்துகொண்டது.

ஒன்பதாவது பாட்டில் திரும்ப வைக்க ஒன்றுமில்லை என்றார். இருப்பதிலேயே இதுதான் தொந்தரவில்லாத பதிவாம். நடுவில் மட்டும் கொஞ்ச நேரம் வெறும் டேப் ஓடுகிறது, வெட்டிவிடலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அந்தப் பாட்டைப் பதிந்த அன்று, வேலை முடிந்து வரும்போதே பக்கத்து வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ என்ற பலகையைப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் போய் ரெக்கார்டரை அமுக்கினாள்.

பாடினாள். நான்கு தட்டுக்கு இடம் விட்டாள்.

பிறகு, இன்னும் நான்கு தட்டுக்கு.