இரண்டும் ஆம் என்றன

பசிபிக் தீவு நாடான தொங்காவின் மொவானா ஆம்புலன்ஸ் மையம். ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டிலிருந்து ஆறு முறை அழைத்தும் அங்கே மணி அடிக்கவில்லை.

“நீ கிளம்பு லூப்பே. இதை நான் பாத்துக்கறேன்,” என்றார் மேலாளர் செமிசி.

“அந்த ஆறு காலும் எங்க போச்சுன்னு தெரியாம நகர மாட்டேன் சார்.”

இணையவழி வரும் அழைப்புகளைச் சோதித்து உள்ளே விடும் ஃபயர்வால் பெட்டிகள் இரண்டு. ஒன்று உழைக்கும், அது விழுந்தால்தான் மற்றது எழும். உழைப்பது எதுவென்று கேட்டறிந்து, அழைப்புகளை அதனிடம் அனுப்புவது முன்னால் நிற்கும் கருவியின் பொறுப்பு.

மையத்தின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் லூப்பே திரையில் விரலை வைத்தாள்.

“‘வேலை உன் கையிலயா?’ன்னு கேக்க வேண்டிய கருவி, ‘உயிரோட இருக்கியா?’ன்னு கேட்டிருக்கு. ரெண்டும் ஆமான்னுச்சு. பாதிப் பேர் கூப்பிட்டது தூங்கற பெட்டிக்குப் போய் அங்கேயே நின்னுடுச்சு.”

“ஆறு தடவையுமா?”

“ஒரே நம்பர்னா எப்பவும் ஒரே பெட்டிதான் சார்.”

“எந்த மடையன் இப்படி செட் பண்ணினது?”

“நான்தான். வெள்ளிக்கிழமை.”

செமிசி குரலைத் தாழ்த்தினார். “யார்கிட்டயும் சொல்லாதே. கருவி பழுதுன்னு எழுதிடறேன். உன் வேலை போகாது.”

லூப்பே அந்த ஒரு கேள்வியைத் திருத்தினாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கதவு திறந்தது. அந்த ஊர்த் துக்க வழக்கப்படி கறுப்பு உடையின்மேல் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றியிருந்த அவள் தம்பி உள்ளே வந்தான்.

“அக்கா, அப்பாவை எடுக்கப் போறாங்க. உனக்காகத்தான் எல்லாரும் நிக்கறாங்க.” அவன் திரையைப் பார்த்தான். “ஆறு தடவை கூப்பிட்டாரே… ஆம்புலன்ஸை வரவிடாமப் பண்ணினவன் யாருக்கா?”